அம்மா குரலும் 53 பைட் பெட்டியும்

போன மாதம் வீட்டு இணைய இணைப்பை ஃபைபருக்கு மாற்றினோம். வந்த பையன் அரை மணி நேரத்தில் வேலையை முடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. ரவுட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து மேய்ந்துகொண்டிருந்தேன். ஒரு மூலையில் 1492 என்று ஒரு எண். பழைய ஊரில் வாராக்கடன் வைத்துவிட்டுப் போனவரைப் புது ஊர் பிராஞ்சில் பார்த்த மாதிரி இருந்தது. இவர் இன்னுமா இருக்கிறார்?

"என்னத்தை அப்படி வெறிச்சுப் பாக்கறீங்க?" என்றாள் தங்கமணி. அவளிடம் சொன்னால் சிரிப்பாள். ஆகவே உங்களிடம் சொல்கிறேன். கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தப் போகிறேன், கொஞ்சம் கணக்கும் வரும். பி.காம் படித்தவனுக்கு நெட்வொர்க் எதற்கு என்று கேட்பவர்களுக்கு முன்கூட்டியே ஒரு விண்ணப்பம்: கணக்கில் தப்பு இருந்தால் பிடியுங்கள், பட்டத்தை விட்டுவிடுங்கள் :-)

2008. நான் நாக்பூரில் இருந்தேன். அப்பா போன பிறகு அம்மா பாளையங்கோட்டையில் தம்பி வீட்டில். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பக்கமும் கம்ப்யூட்டரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசுவோம். எஸ்டிடி கட்டணம் அதற்குள் இறங்கிவிட்டிருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் போனில் மணிக்கணக்காகப் பேசினால் மனசுக்குள் ஒரு மீட்டர் ஓடும். பேங்க்காரன் புத்தி. இணையத்தில் பேசினால் எல்லாம் மாதச் சந்தாவுக்குள் அடக்கம்.

பேச்சு மட்டும் உடைந்து உடைந்து வரும். பாதி வார்த்தை வரும், மீதி வராது. ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "எங்ககூட வந்து இரும்மா" என்று கேட்டுவிட்டேன். அம்மா சொன்ன பதிலில் எனக்கு வந்து சேர்ந்தது இவ்வளவுதான்: "உன்கூட வந்து இருக்க..."

இருக்கேன் என்றாலும் இருக்க மாட்டேன் என்றாலும் நம் மொழியில் தலை ஒன்றுதான், வால்தான் வேறு. வால் எங்கேயோ வழியில் விழுந்துவிட்டது. நான் எனக்கு வேண்டிய வாலை ஒட்டிக்கொண்டேன். மறுநாளே அம்மாவுக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டேன். விஷயம் தெரிந்து தம்பி போனில் குதித்தான். "ஏண்ணே, அம்மா மாட்டேன்னு சொன்ன பொறவும் டிக்கெட் போட்டிருக்கியே, ஒனக்கே நல்லாருக்கா?" அம்மாவுக்கு வருத்தம் வேறு மாதிரி. பெரியவன் நம்ம பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை என்று. உண்மையிலேயே காதில் வாங்கவில்லைதான். அதை எப்படிப் புரியவைப்பது?

இணைப்பு கொடுத்த கம்பெனிக்குப் புகார் கொடுத்தேன். மோடத்தை மாற்றினார்கள். ஸ்பிளிட்டரை மாற்றினார்கள். கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கும் என்றார்கள். கடைசியாக வந்தவர் வேகத்தை அளந்து காட்டி, "2 எம்பி லைனில் 1.8 வருது சார். இதுக்கு மேல என்ன வேணும்?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த 1.8 என்ற எண்ணை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கீழ்வீட்டில் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். தொலைபேசித் துறையில் இன்ஜினியராக வடக்கே முப்பது வருஷம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவர். அவரிடம் புலம்பினேன். மேலே வந்து என் மோடத்தின் பக்கத்தைத் திறந்து பார்த்தார். கீழே இறங்கும் வேகம் 2048 கிலோபிட், மேலே ஏறும் வேகம் 256 கிலோபிட். விபிஐ 0, விசிஐ 35. பிபிபிஓஇ, எல்எல்சி.

"தம்பி, உங்க வீட்டு லைன்ல ஏடிஎம் ஓடுது."

"சார், ஏடிஎம்னா காலையில ஃபோன் பண்ணி பணம் மாட்டிக்கிச்சுன்னு சொல்வாங்களே, அதுதான் எனக்குத் தெரியும்."

"அது இல்லை. அசின்க்ரனஸ் டிரான்ஸ்ஃபர் மோட். எங்க ஆளுங்க கண்டுபிடிச்சது. பேப்பரும் பேனாவும் எடுங்க."

அன்றைக்கு ராத்திரி அவர் சொன்னதும், பிறகு நானாகத் தேடிப் படித்ததும் சேர்த்துச் சொல்கிறேன்.

எல்லாச் சரக்கையும் ஒரே அளவுப் பெட்டியில் அனுப்புவது என்று 1980களில் தொலைபேசி உலகம் முடிவு செய்தது. பெட்டிக்கு செல் என்று பெயர். மொத்தம் 53 பைட். அதில் 5 பைட் விலாசம், 48 பைட் சரக்கு. ஏன் 48? அமெரிக்கர்கள் 64 வேண்டும் என்றார்கள், ஐரோப்பியர்கள் 32 போதும் என்றார்கள், நடுவில் பேரம் படிந்தது. பெட்டி சின்னதாக இருந்தால்தான் பேச்சுக்கு நல்லது. 64 கிலோபிட் தொலைபேசிக் குரல் 48 பைட்டை நிரப்ப 6 மில்லிசெகண்ட் போதும். பெட்டி பெரிசானால் அது நிரம்பும்வரை குரல் காத்திருக்கணும், எதிரொலி கேட்கும். அதாவது இந்தப் பெட்டியின் அளவே மனிதக் குரலை மனசில் வைத்து வெட்டியது. இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வயிற்றெரிச்சலுக்கு உதவும்.

இணையத்தின் ஐபி பொட்டலமோ 40 பைட்டும் இருக்கும், 1500 பைட்டும் இருக்கும். பெட்டிக்குள் இதை எப்படித் திணிப்பது? 1993-இல் பின்லாந்துக்காரர் யுஹா ஹெய்னானென் எழுதிய ஆர்எஃப்சி 1483 இரண்டு வழி சொன்னது. ஒன்று, ஒவ்வொரு பொட்டலத்துக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டு பைட் சீட்டு ஒட்டுவது. அதுதான் எல்எல்சி. இன்னொன்று, இந்தப் பாதையில் இந்த வகைச் சரக்கு மட்டும்தான் என்று முன்கூட்டியே பேசிக்கொண்டு, சீட்டே ஒட்டாமல் விடுவது. எது எப்படியானாலும் கடைசியில் ஏஏஎல்5 என்ற அடுக்கு எட்டு பைட் முடிவுச் சீட்டைச் சேர்த்து, மீதி இடத்தை வெறுமனே நிரப்பி, 48, 48-ஆக வெட்டும்.

திணிப்பது சுலபம், விலாசம் கண்டுபிடிப்பதுதான் பாடு. ஈதர்நெட்டில் இந்த ஐபி யாருடையது என்று ஒரு கத்து கத்தினால் உரியவர் கை தூக்குவார். ஏடிஎம் தொலைபேசிக் குடும்பத்துப் பிள்ளை. நம்பர் போட்டுக் கூப்பிடத் தெரியுமே தவிர எல்லாரையும் பார்த்துக் கத்தத் தெரியாது. 1994-இல் மார்க் லாபாக் எழுதிய ஆர்எஃப்சி 1577 இதற்கு வழி சொன்னது. பெயரே கிளாசிக்கல் ஐபி. வெளியூர்த் தமிழ்ச் சங்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வீட்டு நம்பர் வேண்டுமானாலும் செயலாளரைக் கேட்கணும், அவரிடம் மட்டும்தான் பட்டியல். ஆளுக்காள் வந்து தன் நம்பரைப் பதிந்துகொள்வார்கள். எளிமையான ஏற்பாடு. குறை என்னவென்றால், பக்கத்துச் சங்கத்து ஆளிடம் பேச வேண்டுமானால் நேரடிக் கம்பி இருந்தாலும் அதைத் தொடக்கூடாது, நடுவில் இருக்கும் ரவுட்டர் வழியாகத்தான் போகணும். எதிர் வீட்டுக்காரர் வேறு சங்கம் என்பதற்காக ஊரைச் சுற்றிப் போகிற கதை.

ஏடிஎம் ஃபோரம் என்ற கூட்டமைப்பு 1995-இல் வேறு மாதிரி யோசித்தது. ஏடிஎம்மை ஈதர்நெட் மாதிரி வேஷம் கட்டச் செய்துவிட்டால் கம்ப்யூட்டரில் எதையும் மாற்ற வேண்டாமே! லேன் எமுலேஷன். கத்தத் தெரியாதவனுக்காகக் கத்துவதற்கென்றே தனியாக ஒரு சர்வர் வைத்தார்கள். வேஷம் நன்றாகத்தான் பொருந்தியது. ஆனால் இந்த அழைப்புக்கு இவ்வளவு தரம் உறுதி என்று சொல்ல ஏடிஎம்முக்கு இருந்த ஒரே திறமை வேஷத்துக்குள் மறைந்துபோனது. பாட்டுக்காரரைக் கூட்டி வந்து பந்தல் கட்டச் சொன்ன மாதிரி.

பிறகு 1997-இல் எம்பிஓஏ, 1998-இல் என்எச்ஆர்பி வந்தன. செயலாளர்கள் தங்களுக்குள் விசாரித்து நேர் நம்பரையே வாங்கித் தந்துவிடுவார்கள், அதற்கப்புறம் சுற்று வேண்டாம். அதற்குள் 1996-இல் இப்சிலான் என்ற அமெரிக்கக் கம்பெனி, ஏடிஎம் பெட்டியை வேகமாகத் தள்ளிவிடும் இயந்திரம் மட்டும் போதும், அதன் நம்பர் போடும் சம்பிரதாயமெல்லாம் வேண்டாம் என்று கிளம்பியது. அந்த யோசனை பல கை மாறி 2001-இல் எம்பிஎல்எஸ் என்ற பெயரில் ஆர்எஃப்சி 3031 ஆனது. ஏடிஎம்முக்குள் ஐபியை எப்படிப் போடுவது என்று ஆரம்பித்த ஆராய்ச்சி, ஏடிஎம்மே இல்லாமல் ஓடலாம் என்பதில் போய் முடிந்தது. எங்கள் பிராஞ்சுக்கு வரும் லைனும் இன்றைக்கு எம்பிஎல்எஸ்தான்.

இதெல்லாம் பெரிய கட்டடங்களின் கதை. நம் வீட்டுக்கு வந்த கதை வேறு. செம்புக் கம்பியில் ஓடிய ஏடிஎஸ்எல், அடியில் ஏடிஎம் பெட்டிகளைத்தான் சுமந்தது. அதன்மேல் ஐபியை ஏற்ற மூன்று வழி. நேரடியாக ஏற்றலாம். 1998-இல் வந்த பிபிபிஓஏ வழியாக, டயல்அப் காலத்து யூசர்நேம் பாஸ்வேர்டோடு ஏற்றலாம். அல்லது 1999-இல் வந்த பிபிபிஓஇ. இதில் ஐபியை பிபிபி கவருக்குள் போட்டு, அதை ஈதர்நெட் கவருக்குள் போட்டு, அதற்கு எல்எல்சி சீட்டு ஒட்டி, பிறகு பெட்டிகளாக வெட்டுவது. கிளியரிங்குக்குப் போகும் ஒற்றை செக்குக்கு நாலு கவர்.

கம்பெனிகள் பெரும்பாலும் நாலு கவரைத்தான் தேர்ந்தெடுத்தன. என் கம்பெனியும்.

இப்போது அந்த ராத்திரி போட்ட கணக்கு. பேச்சை 8 கிலோபிட்டுக்குச் சுருக்கும் ஜி.729 என்ற முறை, 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பொட்டலம் அனுப்பும். அதில் குரல் 20 பைட். ஐபி வகையறா முகவரிகள் 40 பைட். பிபிபிஓஇ 8, ஈதர்நெட் 14, எல்எல்சி சீட்டு 10 (ஈதர்நெட்டைச் சுமந்தால் இரண்டு பைட் கூடுதல்), முடிவுச் சீட்டு 8. மொத்தம் 100 பைட். இரண்டு பெட்டியில் 96 கொள்ளும். நாலு பைட்டுக்காக மூன்றாவது பெட்டி. அந்த மூன்றாவது பெட்டிக்குள் அம்மாவின் குரல் ஒரு துளி கிடையாது. வெற்று நிரப்பலும் முடிவுச் சீட்டும் மட்டும்தான். மூன்று பெட்டி 159 பைட், நொடிக்கு 50 தடவை. 63.6 கிலோபிட்! 8 கிலோபிட் பேச்சுக்கு. மேலே ஏறும் என் 256-இல் கால்வாசி.

குரலுக்கென்றே அளவெடுத்து வெட்டிய பெட்டியில், குரலுக்கு எட்டு மடங்கு கூலி. வயிற்றெரிச்சல் என்றேனே, அது இதுதான்.

பிபிபிஓஏ-வாக இருந்து சீட்டும் ஒட்டாமல் விட்டிருந்தால் அதே பொட்டலம் இரண்டு பெட்டியில் அடங்கியிருக்கும். 42.4 கிலோபிட்.

கதை இதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து அறையில் இன்னொரு கம்ப்யூட்டரில் படம் ஏதாவது இறங்கிக்கொண்டிருக்கும் (யார் இறக்கியது என்று சொல்லமாட்டேன், வீட்டில் சாப்பாடு வேண்டும்). இறங்கும் ஒவ்வொரு இரண்டு பொட்டலத்துக்கும் வந்து சேர்ந்தது என்று ஒரு ரசீது மேலே போகணும். வெறும் 40 பைட் ரசீது, நாலு கவர் போட்டதும் 80 ஆகி இரண்டு பெட்டியைப் பிடிக்கும், 106 பைட். முழு வேகத்தில் இறங்கினால் நொடிக்கு 75 ரசீது. சுமார் 64 கிலோபிட். இன்னொரு கால்வாசி. சும்மா படம் இறக்குவதற்கே மேலே ஏறும் பாதையில் இவ்வளவு. இதற்கிடையில் யாராவது போட்டோ ஏற்றினால் வரிசை நிரம்பிவிடும், அம்மாவுக்கு நான் உடைவேன். பாளையங்கோட்டையிலும் இதே மாதிரி இணைப்பு, இதே மாதிரி குடும்பம். அங்கே வரிசை நிரம்பினால் அம்மா உடைவாள்.

அந்த 1.8? கீழே இறங்குவதில் பெரிய பொட்டலங்கள்தானே. 1492 பைட் பொட்டலம் எல்லாக் கவரோடும் 32 பெட்டி, 1696 பைட். ஆக 100-க்கு 88 தேறும். 2048-இல் 88 சதவீதம் 1800. கம்பெனிக்காரர் அளந்து காட்டிய எண் அதுவேதான். அவர் மேல் தப்பே இல்லை. என் பிரச்சினை எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்தை அவர் அளக்கவே இல்லை.

இதில் என் கட்சி என்ன? நாலு கவர் போட்டதைக் குற்றம் சொல்லவில்லை. பெரியவரிடம் அன்றைக்கே சண்டை போட்டேன், அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "ஏடிஎம் உங்க வீட்டுலேர்ந்து எக்ஸ்சேஞ்ச் வரைக்கும்தான் தம்பி. அங்க மெஷினுக்குப் பின்னால ஈதர்நெட். அப்ப ஈதர்நெட் கவரோடயே வந்தாத்தானே அப்படியே தள்ளிவிடலாம்? மோடத்துல மூளை வேண்டாம், விலை குறையும். யார் உள்ள வந்தா, எவ்வளவு உபயோகிச்சான்னு பில் போடவும் சுலபம். மோடம் விலை உங்களுக்குக் கட்டுப்படியானதே அதனாலதான்." நியாயம். சில வெப்சைட்கள் பாதியில் நின்றுவிடுமே, அதையும் கேட்டேன். எட்டு பைட்டை பிபிபிஓஇ எடுத்துக்கொள்வதால் 1500 பைட் பொட்டலம் 1492-இல் நுழையாது. பெரிசாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு என்று திரும்பிப் போகும் தகவலைச் சில இடத்துக் காவல்காரர்கள் வாசலிலேயே மடக்கிவிடுவார்கள். அதற்குக் கம்பெனி என்ன செய்யும் என்றார். அதுவும் நியாயம்.

ஆனால் விற்கும்போது ஏன் சொல்லவில்லை? என் கேள்வி அது ஒன்றுதான்.

நான் கடன் கொடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தவன். ஃப்ளாட் ரேட் 12 சதவீதம் என்று சொல்லி மூன்று வருஷக் கடனை விற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு லட்சத்துக்கு வட்டி 36,000, தவணை 3,778. குறையும் நிலுவைக்குக் கணக்குப் போட்டால் அது 21 சதவீதத்துக்கு மேல். 12 என்பது பொய் இல்லை, அது ஒரு கணக்கு முறை. வாங்குபவருக்குப் பயன்படாத கணக்கு முறை. ரிசர்வ் வங்கி 2024 அக்டோபர் முதல், தனிநபர் கடன்களுக்கெல்லாம் எல்லாச் செலவும் சேர்ந்த வருஷ விகிதத்தை முகப்புத் தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும் என்று வைத்திருக்கிறது. எங்களுக்குத் தாள் வேலை கூடியது, ஆணி அதிகம் என்று நானும் முனகியவன்தான். ஆனால் அது சரி. பிராசஸிங் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் சொல்லாமல் கட்டக்கூடாது என்றால், பெட்டிக் கூலியையும் கவர் கூலியையும் மட்டும் சொல்லாமல் கட்டலாமா? 2 எம்பி என்று எழுதுகிற இடத்தில், கையில் சேர்வது 1.8, மேலே ஏறுவது 256, அதில் ஒரு குரல் அழைப்புக்கு 64 என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் நான் அதிகப் பணம் கட்டி வேறு திட்டம் எடுத்திருப்பேன். அல்லது ஞாயிற்றுக்கிழமை எஸ்டிடியே போட்டிருப்பேன். அம்மாவிடம் நான் கேட்ட கேள்விக்கு அந்தச் செலவு தகும்.

இன்றைய ஃபைபரில் 53 பைட் பெட்டி கிடையாது. ஜிபான் முறை பொட்டலத்தைத் தன் சொந்தச் சட்டகத்தில் போட்டே கொண்டுபோகிறது. ஆனால் பிபிபிஓஇ கவர் பல இடத்தில் அப்படியே தொடர்கிறது, அதன் எட்டு பைட்தான் என் ரவுட்டரில் 1492 என்று உட்கார்ந்திருந்தது. வேகம் கூடிவிட்டதால் யாருக்கும் உறைப்பதில்லை. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது இப்போதும் இறங்கும் வேகம்தான்.

அந்த ராத்திரிக்குத் திரும்புகிறேன். கவர் முறையை நான் மாற்ற முடியாது, எதிர்முனையும் ஒத்துக்கொண்டால்தான் ஆகும். பெரியவர் கணக்கை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, மூணாவது பெட்டி காலியாத்தானே போகுது, அதுக்குள்ளயும் அம்மாவை உட்கார வையுங்க என்றார். பேச்சு மென்பொருளில் 20 மில்லிசெகண்ட் என்று இருந்ததை 40 ஆக்கினோம். குரல் 20 பைட்டுக்குப் பதில் 40, மொத்தம் 120, அதுவும் அதே மூன்று பெட்டி. பொட்டலம் நொடிக்கு 50-க்குப் பதில் 25. கூலி 31.8 கிலோபிட், சரிபாதி! தம்பியையும் அவன் பக்கம் மாற்றச் சொன்னேன். படம் இறக்குவது மதியத்துக்குத் தள்ளிப்போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் குரல் ஒரு இமைப்பொழுது தாமதமாக, ஆனால் முழுசாக வந்தது. மறுபடியும் கேட்டேன்.

"உன்கூட வந்து இருக்க மாட்டேன்ப்பா. இங்க உங்க அப்பா வச்ச மரம் நிக்கு."

ஒரு எழுத்து உடையவில்லை.